மலாக்காப் பேய்களுக்குத் தமிழ் தெரியாது

தம்பி,

உன் கடிதம் வந்தது. மண்டபம், மேளம், பத்திரிகை பற்றியெல்லாம் அப்பா தனியாக எழுதுவார்; அவருக்கு அதில்தான் ஆசை. நான் எழுதுவது, நீ கடைசியில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதியிருந்த நாலு வரிக்குப் பதில். உனக்கு நிச்சயமாகியிருக்கிற சரோஜா வேலை பார்க்கிற சிரம்பான் பள்ளியில் உன் நண்பன் ஒருவனும் வாத்தியாராம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பேய்க்கதைப் புத்தகம் ஒன்றைத் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தாளாம். யாரோ பக்கத்தில் டம்ளர் வைத்த சத்தத்துக்குத் துள்ளி எழுந்துவிட்டாளாம். அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் உனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ‘நீங்க சாமி கும்பிடுறவங்க, நீங்க சொன்னா கேட்பா. கல்யாணத்துக்கு அப்புறம் இதையெல்லாம் விட்டுடச் சொல்லுங்கம்மா’ என்று எழுதியிருக்கிறாய்.

அவளிடம் ஒன்று சொல்லத்தான் போகிறேன். என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால், உனக்குத் தெரியாத ஒரு சங்கதியை உன்னிடம் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், உன்னை ஜாசினுக்கு அனுப்பியிருந்தபோது, உன் அம்மாவும் பேய்க்கதை படித்தாள். உன்னுடைய புத்தகம்தான்.

தமிழ்ப் பள்ளியில் உனக்குப் பரிசாகக் கொடுத்த ‘உப்பளத்து வீடு’ நினைவிருக்கிறதா? அதைப் படிக்கும்போது நீ கால் இரண்டையும் நாற்காலிக்கு மேல் மடித்து வைத்துக்கொள்வாய். தொங்கவிட்டால் கீழேயிருந்து ஏதோ பிடித்து இழுக்கும் என்பாய். சாமி புத்தகம் இருக்கிற அலமாரியில் பிசாசுப் புத்தகத்தை வைக்காதே என்று உன்னைத் திட்டி, அதைக் குசினியில் அடுப்புப் பக்கத்து மாவு டின்னுக்குப் பின்னால் வைக்கச் சொன்னவள் நான்தான். பிறகு சண்டை வந்தது, அரிசி போனது, மலாக்கா டவுனில் மரவள்ளிக் கிழங்குக்கே வரிசை என்று ஆனது. ஜாசினில் உன் மாமாவின் தோட்டத்து வீட்டில் கிழங்கும் கீரையும் ஆட்டுப்பாலும் இருந்தன. வளர்கிற பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும் என்று உன்னை அங்கே அனுப்பிவிட்டு, நானும் அப்பாவும் காஜா பேராங் வீட்டில் இருந்தோம். மாவு டின் காலியாகி அதை விற்ற அன்றைக்குத்தான் அதன் பின்னால் உன் புத்தகம் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. ஓரமெல்லாம் உன் கட்டைவிரல் எண்ணெய்க் கறை. உன்னைப் பார்த்ததுபோல் இருந்தது. எடுத்துத் துடைத்தேன். துடைத்த கையோடு திறந்தேன்.

நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போனவளில்லை. நாட்காட்டியையும் கடைப் பலகைகளையும் எழுத்துக்கூட்டிக் கூட்டி, தானாகப் படித்துக்கொண்டவள். அதுவரை நான் முழுதாகப் படித்தது பதிகப் புத்தகம் ஒன்றுதான். பதிகத்தில் அடுத்த வரி என்ன என்பது எனக்கு முன்பே தெரியும்; கோயிலில் காதால் கேட்டது. அடுத்த வரி என்னவென்று தெரியாமல் ஒரு பக்கத்தைத் திருப்புவது எப்படி இருக்கும் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் கண்டேன். அந்த வயதில் அப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த கிழங்கு அடிப்பிடித்தது. நான் கவனிக்கவில்லை.

இந்தக் கடிதத்தைச் சரோஜாவும் படிக்கட்டும் என்று கதையையும் சொல்லிவிடுகிறேன். உப்பளத்தின் ஓரத்தில் ஒரு வீடு. அதில் ஒரு அக்கா, ஒரு தம்பி. அம்மா உப்பு வாரப் போயிருப்பாள். அப்போது ஒரு பிசாசு வரும். வெள்ளையாக, ஒல்லியாக, வெயிலில் பளபளக்கும். வெளியே நின்று அம்மாவின் குரலில் கூப்பிடும். உள்ளேயிருந்து பதில் கொடுத்துவிட்டால் போதும், கதவின் அடி இடுக்கில் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். மஞ்சள் பூசிய துணியில் சுற்றி ஈர மண்ணில் புதைத்தால்தான் அடங்கும். முதல் தடவை படித்தபோது நானும் உன்னைப்போலவே அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டு நடுங்கினேன். குசினி முக்காலியில் எப்போது காலைத் தூக்கி மடித்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் தடவை வேறு மாதிரி ஆயிற்று. நடுவில் ஒரு அத்தியாயம் வரும். அதில் பிசாசே கிடையாது. நீ அதை வேகமாகப் புரட்டியிருப்பாய். நல்ல மழை. உண்மையான அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். ‘கண்ணுங்களா, அம்மாடா, திறங்கடா’ என்று அவள் எவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறாளோ அவ்வளவு பயப்படுகிறார்கள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். பிசாசுக்கு நான் இவ்வளவு பயப்படவில்லை. சின்னவர்கள் உள்ளே இருந்து படிக்கிறார்கள். நான் கதவுக்கு வெளியே, மழையில் நின்று படித்தேன். ஜாசினில் உன் மாமா வீட்டு வாசலில் நான் நின்று கூப்பிட்டால் நீ என்ன செய்வாய் என்று நினைத்துப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாவுக்குப் பொறுமை போய், ‘கதவைத் திறக்கிறீங்களா, இல்ல விளக்குமாத்தோட வரட்டுமா?’ என்று கத்துகிறாள். உடனே கதவு திறந்துவிடுகிறது. பிசாசு ஒருநாளும் திட்டாது என்று அந்த அக்காவுக்குத் தெரியும். நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன், அழவும் செய்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு பீபிக் செல்லம் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

பீபிக், அதாவது பெரியம்மா, என்று தெருவே கூப்பிடும் செல்லத்தை உனக்குத் தெரியும். மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்தவர்கள். கெபாயாச் சட்டை, சாரோங் கைலி, நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை. நம்மோடு சேர்ந்து மாரியம்மனைக் கும்பிடுவார், பேசுவது மட்டும் மலாய். உன்னை நான் தம்பி தம்பி என்று கூப்பிட்டதால் அதுதான் உன் பெயர் என்று நினைத்து, என்னை ‘மாக் தம்பி’, தம்பியின் அம்மா, என்பார். அவர் பேசியதை உனக்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

“மாக் தம்பி, தனியா உக்காந்து சிரிக்கிற, அழற. அரிசி கிடைச்சிருச்சா, இல்ல கிறுக்கா?”

“கதை படிக்கிறேன் பீபிக்.”

“இந்தக் காலத்துல இன்னொருத்தி ஒண்டியா சிரிக்கக் கூடாது. எங்களுக்கும் சொல்லு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாள் மத்தியானத்திலிருந்து பீபிக்கும் அவருடைய இரண்டு மருமகள்களும் கிழங்குக் கூடையும் கத்தியுமாக நம் குசினிப் பின்புறம் வந்து உட்கார்ந்தார்கள். விளக்கு எண்ணெய்க்கு நான் கறாராகக் கணக்கு வைத்திருந்ததால் வெயில் இருக்கும்போதே கதையை முடித்துவிடுவோம். அவர்கள் கிழங்கைத் தோலுரிப்பார்கள். நான் தமிழில் படித்து, மலாயில் சொல்வேன். எல்லாச் சொல்லையும் மலாயில் சொன்னேன், ஒன்றைத் தவிர. பிசாசை மலாயில் ஹந்து என்பார்கள். உனக்குத் தெரியுமே, நம் ஊரில் அந்தப் பெயரை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து அது வந்துவிடும். உன் அப்பா கிழங்குக்கும் தண்ணீர்க் குழாய் வேலைக்குமாக அலைகிற நாளில் புதிதாக ஒரு விருந்தாளி வேண்டாம் என்று நினைத்தேன். ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே ‘பிசாசு’ என்று வைத்துக்கொண்டேன். மலாக்காப் பேய்களுக்குத் தமிழ் தெரியாது என்பது என் கணக்கு.

கதை என்னமாகப் பிடித்துக்கொண்டது என்கிறாய். பிசாசு வெயிலில் பளபளத்தது என்று சொன்னால் மூன்று பேரும் தங்கள் கையைக் குனிந்து பார்ப்பார்கள். கதவின் அடியில் வழுக்கிக்கொண்டு வந்தது என்றால் சின்ன மருமகள் கண்ணை மூடிக்கொள்வாள். ஓர் இடத்தில் பிசாசு தனியாக உட்கார்ந்து அழும். அதைச் சொன்னதும் பீபிக் வெற்றிலையைத் துப்பிவிட்டு, கெபாயா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், அதை வச்சு யாரு என்ன செஞ்சாங்களோ” என்றார். பேய்க்கு இவ்வளவு இரக்கமா என்று நான் ஆச்சரியப்பட்டேன். என் கதை சொல்லும் திறமை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் பட்டேன். மறு வாரம் மூவரும் கிழங்கை மட்டும் கொண்டுவந்தார்கள். “உன் கத்தியைக் கொடு மாக் தம்பி, எங்களது வீட்டுல இல்ல.” மற்ற சாமான்களைப்போல அதையும் விற்றுவிட்டார்கள் என்று நினைத்து, கேட்டு மனதை நோகடிக்காமல் என் ஒரே கத்தியைக் கொடுத்தேன். அதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உரித்தார்கள். உரித்து முடித்ததும் நெருப்புக்கட்டையைப்போல அவசரமாகத் தரையில் வைத்தார்கள். கதை தெருவிலும் பரவியது.

ஒருநாள் மாலை, பீபிக்கும் மருமகள்களும் இன்னும் எழுந்து போகாதபோது, பாபா செங் வந்தார். நம் வரிசை வீடுகளுக்கு ஜப்பான்காரன் வைத்திருந்த காவல் தலைவர் அவர். முன்பு பலகாரக் கடை வைத்திருந்தவர், வீட்டில் மலாய் பேசுகிற சீனர், சாது. இந்தத் தெருவில் ஏதாவது நடந்து அவர் சொல்லாமல் விட்டால் முதலில் அவர் முதுகுத் தோல்தான் போகும். அன்றைக்கு அவர் சட்டையெல்லாம் வியர்வை. பின்புறம் வந்து, கையிலிருந்த சாக்கைத் தரையில் கொட்டினார். கத்திகள். ஒவ்வொன்றும் மஞ்சள் துணியில் சுற்றியது, துணியில் ஈர மண்.

“வாழை மரத்தடியில தோண்டி எடுத்தேன். நாலு வீட்டுல. கேட்டா, மாக் தம்பி வீட்டுல தினம் பேசுறாங்க, பிசாவ் வரப்போவுது, கதவுக்கு அடியில வரப்போவுதுங்கிறாங்க. என்னம்மா இது, ஆயுதமா பதுக்குறீங்க? இருட்டுறதுக்குள்ள நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லணும். சொன்னா உன் வீட்டுக்காரனைத்தான் கொண்டுபோவான்.”

பிசாவ் என்றால் மலாயில் கத்தி. பீபிக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

“நீதானே சொன்ன” என்றார் பீபிக். “பிசாசு, பிசாசுன்னு. உங்க தமிழாளுங்க பஸ்ஸை ‘பஸ்ஸு’ங்கிறீங்க, காரை ‘காரு’ங்கிறீங்க, எந்தச் சொல்லையும் வால் ஒட்டாம விடமாட்டீங்க. பிசாவைப் பிசாசுங்கிறன்னு நினைச்சேன்.”

எத்தனை நாள். தம்பி, எத்தனை நாளாக நான் அவர்களுக்கு ஒரு கத்தியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரலில் கூப்பிடுகிற கத்தி. இடுக்கில் வழுக்கி வருகிற கத்தி. உட்கார்ந்து அழுகிற கத்தி. வீட்டுக்குப் போய்த் தங்கள் கத்திகளைச் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள், பாவம், கதையில் உள்ளபடியே. சிரிப்பு ஒரு பக்கம் முட்டியது. இன்னொரு பக்கம், உன் அப்பாவைக் கொண்டுபோனால் திரும்பி வருவாரா என்ற நினைப்பு. அப்பா அப்போது இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. வரும் நேரம்தான்.

பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, இத்தனை நாள் சொல்லாத சொல்லைச் சொன்னேன். “பிசாவ் இல்ல, பாபா. ஹந்து. இது ஹந்து கதை. சின்னப் பிள்ளைங்க புத்தகம்.”

எல்லோரும் ஒரு நிமிடம் சுற்றுமுற்றும் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

பாபா செங் நம்பவில்லை. “நீ பெரிய மனுஷி. கோயிலுக்குப் போறவ. நீ உக்காந்து சின்னப் பிள்ளைங்க புத்தகம் படிக்கிறேன்னு சொன்னா ஸ்டேஷன்ல எவன் நம்புவான்? படம் இருக்கா?”

படத்தைக் காட்டினேன். அதிலிருந்த பிசாசுக்கு விரல் விரலாக நீள நகம். பீபிக் எட்டிப் பார்த்து, “இதோ பாரு, பத்து பிசாவ்” என்றார். அவரை அங்கேயே வாயைப் பொத்தி உட்கார வைக்கலாமா என்று இருந்தது. “ஹந்து அழும், பாபா, கத்தி அழுமா?” என்றேன். “ஏன் அழாது?” என்றார் பீபிக், உண்மையான கோபத்தோடு.

வேறு வழியில்லை. “உக்காருங்க பாபா. ஒரு அத்தியாயம் கேளுங்க. அப்புறம் போய்ச் சொல்லுங்க” என்றேன். அவர் உட்காரவில்லை. நான் படிக்க ஆரம்பித்தேன். மழை அத்தியாயத்தைத்தான் எடுத்தேன். எனக்குத் தடுமாறாமல் வருவது அது ஒன்றுதான். ஒரு வரி தமிழில் படிப்பேன், ஒரு வரி மலாயில் சொல்வேன். கதவு தட்டும் இடம் வந்ததும் பாபா சாக்கைக் கீழே விட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்தும் இடத்தில் கிழங்குக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வெளியேயிருந்து அன்பான குரல் கேட்கிறது, தம்பிப் பையன் மெல்ல எழுந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறான். நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

“ஜாங்ஙான் புக்கா” என்று கத்தினார் பாபா செங். திறக்காதே என்று அர்த்தம். பிறகு தான் கத்தியது தெரிந்து காதெல்லாம் சிவந்துபோனார்.

நான் விளக்குமாற்றுக்கு வந்தேன். அந்த அம்மா திட்டுகிற திட்டை முடிந்தவரை நல்ல மலாயில் சொன்னேன். புத்தகத்தில் இல்லாத இரண்டு திட்டையும் சேர்த்துக்கொண்டேன். பாபா செங் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெரிய மருமகள் பிறகு சொன்னாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “என் அம்மாவும் அப்படித்தான். திட்டினாத்தான் அவங்கன்னு தெரியும்” என்றார். கத்திகளை ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து பிரித்து, எது யாருடையது என்று கேட்டுக் கொடுத்தார். “கிழங்குக் கத்திக்குக் கூர் ஏற மண்ணுல வச்சாங்க, துருவும் பிடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிறேன். அந்த ஸ்டேஷன்காரனுக்குச் சமையல் தெரியாது” என்றார். வேலியைத் தாண்டியவர் திரும்பி வந்து, “அடுத்தது எப்ப?” என்று கேட்டார்.

உன் அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது நான் கண்ணும் முகமும் வீங்கிப்போய், மூன்று பெண்களோடு உருண்டு உருண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். “அரிசி கிடைச்சிருச்சா?” என்றுதான் அவரும் கேட்டார். இந்தக் கதையை உன்னிடம் இன்றுவரை ஏன் சொல்லவில்லை என்றால், அப்பாவுக்கு அது சிரிப்பான விஷயமாகவே படவில்லை. பாபா செங் நல்லவராக இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்து, அவர் இன்றைக்கும் முகம் வெளுப்பார். அவர் நினைப்பதும் சரிதான்.

புத்தகத்தை அன்றோடு நிறுத்திவிடலாம் என்றேன். ஒத்துக்கொள்ளாதவர் பீபிக்தான். “ஹந்து கதை எங்க வீட்டுலயே கிடக்குது. அழுற பிசாவ் எங்க கிடைக்கும்? நீ பழையபடியே சொல்லு.” ஆகவே விஷயம் தெரிந்த பிறகும் அது கத்தியாகவே இருந்தது. ஜப்பான்காரன் போகும்வரை அந்த ஒரே புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். ஒவ்வொரு முறையும் பாபா செங், திறக்காதே என்பார். திறக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தம்பி, அந்த நாட்களில் எங்களுக்குப் பயத்துக்கா பஞ்சம்? லாரிச் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு சட்டமும் கிடையாது. எதைச் செய்தால் தப்பலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. புத்தகத்துப் பயத்துக்குச் சட்டம் உண்டு. பதில் கொடுக்காதே, மஞ்சள் துணியில் கட்டு, மண்ணில் புதை. பயந்து முடித்ததும் மூடி வைக்கலாம். மூடி வைத்துவிட்டு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, இன்னும் இருக்கிறோமே என்று சிரிப்போம். சாமி கும்பிடுகிறவள் இதைப் படிக்கலாமா என்று நீ கேட்பது புரிகிறது. நான் அந்தக் காலத்தில் பதிகத்தையும் விடவில்லை. காலையில் அது, மத்தியானம் இது. இரண்டுக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சாமி புத்தகத்துக்குப் பக்கத்திலேயே உன் புத்தகத்தையும் வைத்திருந்தேன்.

சின்னப் பிள்ளைகள் புத்தகத்தைப் பெரியவர்கள் படித்தால் அவர்கள் வளரவில்லை என்று உன் நண்பன் நினைக்கிறான். பத்து வயதில் நீ அதில் பார்த்தது ஒரு பிசாசை. நான் அதே பக்கத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். பாபா செங் தன் அம்மாவைப் பார்த்தார். பீபிக் என்ன பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. சரோஜா என்ன பார்க்கிறாள் என்று உனக்கும் தெரியாது, கேட்டாயா? டம்ளர் சத்தத்துக்குத் துள்ளி எழுகிற அளவுக்கு ஒரு புத்தகத்துக்குள் போய்விடத் தெரிந்த பெண், நாளைக்கு உன் பேச்சையும் பாதிக் காதோடு கேட்கமாட்டாள். என் மகனுக்கு இதைவிட நல்ல பெண்ணை நான் எங்கே போய்த் தேட?

அவளுக்கு எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது. நீ கேட்டபடி அறிவுரையாக ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சரோஜா, அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் எனக்கு அனுப்பு, முடிவை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

அம்மா